பெண்ணுக்குச் சித்தப்பா

ஹேடோ, போர்ட் பிளேர்
12 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி சண்முகத்துக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதைப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நீயும் சிரித்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

ப்ரியங்கா கல்யாணம் பிப்ரவரி 9 என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை நிதின் வீட்டார் பஞ்சாபிகள் என்று உனக்குத் தெரியும். அப்பா நேவியில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். 9 காலையில் நம் முறைப்படி தாலி. அதற்கு முதல் நாள் மாலை அவர்கள் முறைப்படி ஊர்வலமாக வருவார்கள். மண்டப வாசலில் மில்னி என்று ஒரு சடங்கு. பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் மாலை போட்டுக் கட்டித் தழுவ வேண்டும். அடுத்தது பெண்ணின் சித்தப்பாவும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும். அதற்குப் பிறகு மாமன்மார்.

கும்பிடு போதாது, கைகுலுக்கலும் போதாது. நெஞ்சோடு நெஞ்சு சேர வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா குல்தீப் சிங் என்பவர் ஆறடிக்கு மேல். அவர் கையை விரித்துக்கொண்டு வரும்போது நீ பின்னால் நகர்ந்தால் அது அவமரியாதை ஆகிவிடும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஜூலையில் நிச்சயத்தன்று மழையில் ரோடு அடைபட்டு நீ வர முடியாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. எனக்கென்று உடன்பிறந்தவன் நீ ஒருவன்தான். வீட்டில் மருதாயியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்துகிருஷ்ணன்

*

ரங்கத்
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் நினைத்தபடியே சிரித்தேன். மருதாயி என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். பிறகு இரண்டு பேருக்கும் பயம் வந்துவிட்டது.

நம் வீட்டில் யார் யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறார்கள்? நீங்கள் வேலைக்குத் தேர்வாகி போர்ட் பிளேருக்குக் கிளம்பிய அன்று அப்பா பஸ் அருகில் வந்து உங்கள் பெட்டியைத்தான் தட்டிக் கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் நமக்குள் நடந்த பெரிய தழுவல்.

ஆனால் பெண்ணுக்குச் சித்தப்பா நான். பின்வாங்க மாட்டேன். அதனால் பழகிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்து சுகுமார்தாவைத் தெரியுமல்லவா, பெங்காலி. துர்கா பூஜை முடிந்ததும் அவர்கள் மூன்று முறை கட்டிக்கொள்வார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். "பெஹலே லெஃப்ட், ஃபிர் ரைட், ஃபிர் லெஃப்ட். தலை முட்டாம பாத்துக்கணும் பாய்" என்றார். முதல் முறையே தலை முட்டியது. அவர் கண்ணாடி கீழே விழுந்தது.

பஜாரில் அப்துல் ரஹ்மான் பாய் கடையிலும் விஷயத்தைச் சொன்னேன். பெருநாளைக்குக் கட்டிக்கொள்கிறவர்கள் அவர்கள். "கை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சா கெட்டுச்சு. அந்த ஆளு நம்ம ஆளுன்னு நெனச்சிட்டா கை தானா போகும்" என்றார். கடையில் நின்ற ஆட்கள் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தும் காட்டினார். எனக்குக் காது சுட்டுவிட்டது.

ஒரு விஷயம்தான் இடிக்கிறது. தேங்காயைக் காயவைக்கும் அடுப்பின் கொப்பரைப் புகை என் மேல் எப்போதும் இருக்கும். குளித்தாலும் போவதில்லை. அவ்வளவு நெருக்கத்தில் அந்த மனிதருக்கு அது பிடிக்குமோ என்னவோ. மருதாயி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம் என்கிறாள்.

தம்பி சண்முகம்

*

ஹேடோ
20 ஜனவரி 2025

தம்பி சண்முகத்துக்கு,

மண்டபம், சமையல், அழைப்பிதழ் என்று மூச்சுவிட நேரமில்லை. ஆகவே சுருக்கமாக.

8ஆம் தேதி முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடு. தங்க ஏற்பாடு செய்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை புதிதாக வாங்கிக்கொள்.

மில்னியில் யார் யார் நிற்பது என்பதை அவர்கள் தரப்பிலும் கலந்து பேச வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நீ ரொம்பவும் மனதில் போட்டுக்கொள்ளாதே. வந்து சேர், அது போதும்.

முத்துகிருஷ்ணன்

*

ரங்கத்
16 பிப்ரவரி 2025

திரு. முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்ததற்கு வருத்தப்படாதீர்கள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

மூன்று நாளாக நீங்கள் போன் செய்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. எழுதினால் அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம்.

8ஆம் தேதி பகல் இரண்டு மணிக்கெல்லாம் நாங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டோம். ஐந்து மணிக்கு உங்கள் ஆட்களுக்கு ரோஜா நிறத்தில் தலைப்பாகை கட்டினார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அஞ்சுதான் வந்திருக்கு சண்முகம், நீ அப்புறமா கட்டிக்க" என்றீர்கள். நம்பினேன். மாமன்மார் மூன்று பேர், நீங்கள் ஒருவர். ஐந்தாவது யாருக்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஊர்வலம் வந்தது. வாசலில் நீங்களும் சம்பந்தியும் மாலை போட்டுக் கட்டிக்கொண்டீர்கள். நன்றாகவே செய்தீர்கள், பழகியிருப்பீர்கள் போலிருக்கிறது. அடுத்து மைக்கில், "லட்கி கே சாச்சாஜி" என்று பெண்ணின் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்தேன். என்னைத் தாண்டி உங்கள் காண்ட்ராக்டர் நண்பர் பாலசுப்பிரமணியம் தலைப்பாகையோடு போனார். குல்தீப் சிங் அவரைக் கட்டி இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். மருதாயி பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் எங்கே என்று தேடினாள். நான் தண்ணீர் கேன் வைத்திருந்த மேசை அருகில் நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு போட்டோக்காரரிடம் திரும்பிக்கொண்டீர்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சடங்கு முடிந்ததும் குல்தீப் சிங் எல்லோரையும் தழுவிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் உங்களைத் திரும்பிப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். நீங்கள் சொன்னது இது: "யே ஹமாரே காவ் கே ஹை." எங்கள் ஊர்க்காரர்.

அவர் கையை விரித்தார். நான் பின்வாங்கவில்லை அண்ணா. தலை முட்டவில்லை. கை தானாகப் போனது. அப்துல் ரஹ்மான் பாய் சொன்னபடியே சரியாகச் செய்தேன். அந்த மனிதர் என் முதுகைத் தட்டி, "வாஹ், காவ்வாலே பாய்" என்றார். மூன்று மாதம் பழகியதை ஊர்க்காரனாகச் செய்து முடித்தேன்.

மறுநாள் தாலி கட்டும்வரை இருந்தது ப்ரியங்காவுக்காக. திரும்பும் வழியில் பாராடாங் படகில் ஏறும்போது மருதாயி, "உங்களப் பிடிக்கலேன்னா வரவேணாம்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

என்ன காரணம் என்று எழுதுங்கள்.

சண்முகம்

*

ஹேடோ
27 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் கேள்.

நிச்சயத்தன்று நீ வர முடியவில்லை. தட்டு மாற்றும் நேரத்தில் பெண்ணின் சாச்சா எங்கே என்று சம்பந்தி கேட்டார். பாலு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தார். அவரே "ஹாஞ்சி", நான்தான் என்றார். விளையாட்டாகத்தான். அவர்கள் உடனே அவரைக் கட்டிப்பிடித்து, சால்வை போர்த்தி, படம் எடுத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. அவர்கள் தீபாவளிக்கு பாலு வீட்டுக்கு இனிப்பு அனுப்பினார்கள். அதற்கு மேல் வாயைத் திறந்தால், பெண் வீட்டார் பொய்யர்கள் என்று ஆகிவிடும்.

நவம்பரில் உனக்கு எழுதியபோது எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். அது பொய் இல்லை. ஜனவரி வந்ததும் எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னைப் புண்படுத்த வேண்டும் என்று நான் எதையும் செய்யவில்லை. தவிர்க்க முடியாத சூழ்நிலை.

ப்ரியங்காவுக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு நாளும் அந்த நேரத்தில் அவள் உள்ளே அலங்காரத்தில் இருந்தாள். நீ காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து விடும் கான்வாயில் மாட்டித் தாமதமாக வந்தாய் என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்

*

ரங்கத்
10 மார்ச் 2025

அண்ணா,

ஜூலையில் நடந்ததை மறுபிப்ரவரியில் சொல்கிறீர்கள். நடுவில் நவம்பரில், எனக்கென்று உடன்பிறந்தவன் நீ ஒருவன்தான் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அப்போதே பாலசுப்பிரமணியம் தம்பியாகி நாலு மாதம்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ரோடு அடைபட்டதால் நான் வரவில்லை என்று சொல்லச் சூழ்நிலை இடம் கொடுக்கவில்லை, சரி. மில்னி அன்று என்னைத் தள்ளி நிறுத்தியதும் சூழ்நிலை, சரி. அத்தனை பேர் முன்னால், நேருக்கு நேராக என்னைக் காட்டி, "ஊர்க்காரர்" என்றீர்களே. உறவுக்காரர் என்று சொல்லியிருந்தால்கூடப் பொய் உடைந்திருக்காது. தூரத்துச் சொந்தம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எந்தச் சூழ்நிலையில் வந்தது?

நான் தாமதமாக வந்தேன் என்று பிள்ளையிடம் சொன்னீர்கள். அதுவும் என் தலையில்தானா?

சண்முகம்

*

ஹேடோ
2 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் இதை எழுத வேண்டிய நிலை. படித்துவிட்டுக் கிழித்துப்போடாதே.

சம்பந்தி, அவர் மனைவி, குல்தீப் சிங் மூன்று பேரும் 14ஆம் தேதி டிக்லிபூருக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறார்கள். போகிற வழியில் ரங்கத்தில் இறங்கி, "அந்தக் காவ்வாலே பாய் வீட்டில் இளநீர் குடிக்க வேண்டும்" என்று குல்தீப் பிடிவாதமாக இருக்கிறார். அன்று கை கொடுக்கும்போது தென்னந்தோப்பு இருக்கிறது என்று நீ சொன்னாயாம். உன்னை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

அரை மணி நேரம். அரை மணி நேரம் மட்டும் நீ சமாளித்துவிட வேண்டும். ப்ரியங்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் வரவில்லை.

இன்னொன்று. உன் வீட்டுக் கூடத்தில் அப்பா படம் இருக்கிறதே, அதே படம் எங்கள் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று ஒரு நாள் அதை உள்ளே எடுத்து வைத்துவிடு. மருதாயியிடமும் பக்குவமாகச் சொல்.

என் பெண்ணின் வாழ்க்கைக்காகக் கேட்கிறேன்.

அண்ணன்

*

ரங்கத்
21 ஏப்ரல் 2025

அண்ணா,

இதற்குள் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். என் வாயால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிறகு நான் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்லக்கூடாது.

உங்கள் கடிதத்தை மருதாயியிடம் படித்துக் காட்டினேன். அப்பா படம் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். உங்களுக்காக இல்லை, ப்ரியங்கா வாழப்போன இடம் என்பதற்காக. படத்தைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அப்பாவை இப்படி வைக்கிறோமே என்று துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குக் காலண்டர் மாட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

குல்தீப் சிங் இறங்கியதும் கையை விரித்துக்கொண்டு வந்தார். கொப்பரை உடைத்துக்கொண்டிருந்த கையோடு நின்றேன். அதை அவர் பார்க்கவே இல்லை. கட்டிப்பிடித்துவிட்டு, "இது என்ன வாசனை, ரொம்ப நல்லா இருக்கே" என்று ஹிந்தியில் கேட்டார். கொப்பரைப் புகை என்றேன்.

வண்டியின் பின் கதவு திறந்தது. ப்ரியங்கா. கடைசி நேரத்தில் லீவு கிடைத்ததாம். உங்களிடம் சொல்லவில்லையாம்.

அவள் உள்ளே ஓடி மருதாயியைக் கட்டிக்கொண்டாள். நான் வெளியே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "சித்தி, தாத்தா படம் எங்க?"

ப்ரியங்கா வாசலுக்கு வந்து என்னைக் கேட்டாள். "சித்தப்பா, தாத்தா படம் எங்க போச்சு? எடுத்திட்டீங்களா? ஏன்?"

சம்பந்தி அம்மாவுக்கு இருபது வருஷ அந்தமானில் நாலு வார்த்தை தமிழ் புரியும்போல. "சித்தப்பா மத்லப் சாச்சா நா?" என்று மருமகளிடம் கேட்டார், சித்தப்பா என்றால் சாச்சாதானே என்று. ஆமாம் என்றாள் பிள்ளை. "பாபாவோட சொந்தத் தம்பி. நான் சொல்லியிருக்கேனே மா, ரங்கத் சித்தப்பா, கல்யாணத்துக்கு லேட்டா வந்தாருன்னு."

சம்பந்தி இளநீரைத் திண்ணையில் வைத்துவிட்டார். குல்தீப் சிங்தான் என்னிடம் வந்து, "அன்றைக்கு ஏற்பாடு பார்க்க ரெண்டு மணிக்கே நான் வந்தபோது உங்களை அங்கே பார்த்தேனே. நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "அப்போ அந்த பாலு யாரு?" என்று கேட்டார். அண்ணனிடம் கேளுங்கள் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ப்ரியங்கா என் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

அவளே உள்ளே தேடிப் படத்தை எடுத்து, தன் துப்பட்டாவால் துடைத்து மாட்டினாள்.

போகும்போது குல்தீப் சிங் என்னைத் தழுவவில்லை. கை இரண்டையும் கூப்பிக் கும்பிட்டார். நம் ஆட்களைப் போலவே செய்தார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர், இந்த வீட்டில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியாதவர்போல ஆகிவிட்டார்.

சண்முகம்

*

ஹேடோ
3 மே 2025

தம்பி சண்முகத்துக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

சம்பந்தி வந்தார். கத்தவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ரோடு அடைத்திருக்கிறது, தம்பி வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் முத்துகிருஷ்ணன்ஜி?" என்று மட்டும் கேட்டார். ப்ரியங்கா அவர்கள் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. ஆனால் அவள் என்னோடு பேசுவதில்லை. உன் அண்ணி இந்திராணியும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஊர்க்காரர் என்ற வார்த்தை எப்படி வந்தது என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். நீ மேசை அருகில் நின்றாய். புதுச் சட்டையில் மடிப்புக்கூட கலையவில்லை. கழுத்தில் கர்ச்சீப் வைத்திருந்தாய். உன் கைவிரல்களைப் பார்த்தேன், கொப்பரைக் கறை. என் ஆபீஸர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். குல்தீப் நீ யார் என்று கேட்டதும் பொய்யைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலே அந்த வார்த்தை வந்தது. நிச்சயம் நடக்காமல் இருந்திருந்தாலும், பாலு இல்லாமல் இருந்திருந்தாலும், அதையே சொல்லியிருப்பேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ரோடு, மழை, பாலு எல்லாம் எனக்கு வசதியாகப் போயிற்று. அதுதான் உண்மை.

இந்த மாதம் 31ஆம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். ஆபீஸில் விழா உண்டு. அதற்கு உன்னை அழைக்க எனக்கு முகம் இல்லை. ஜூன் முதல் வாரம் நான் ரங்கத் வரட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

முத்துகிருஷ்ணன்

*

ரங்கத்
15 மே 2025

அண்ணா,

கடைசிக் கடிதத்தில் நீங்கள் எழுதியதை மருதாயிக்கு முழுதாகப் படித்துக் காட்டவில்லை. விரல் கறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். உண்மையைக் கேட்டது நான்தான். வந்த பிறகு அது பொய்யைவிடக் கனமாக இருக்கிறது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். பேனா போகவில்லை. எழுதினால் அதுவும் ஒரு பொய்யாக இருக்கும். நமக்குள் பொய் போதும்.

வரவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்பா வாங்கிப் போட்ட இடம். உங்களுக்கும் உரிமை உண்டு. காலை பஸ்ஸில் வந்தால் பகலுக்குள் சேர்ந்துவிடலாம். மழை ஆரம்பித்திருக்கும், குடை கொண்டுவாருங்கள். மருதாயி மீன் சமைப்பாள். அவளிடம் பேசிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டை இடம் மாற்றிவிட்டார்கள். நம் வீட்டுக்குப் போகிற பாதையும் மாறியிருக்கிறது. பஜாரில் பழைய ஆட்கள் யாரும் இல்லை, உங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. யாரிடமாவது வழி கேட்க வேண்டியிருக்கும். கேட்டால், "சண்முகத்துக்கு நீங்க யாரு?" என்று கேட்பார்கள். இங்கே எல்லோரும் கேட்பார்கள், தவறாக நினைக்க வேண்டாம்.

ரங்கத் சின்ன ஊர். நீங்கள் சொல்லும் பதில், நீங்கள் வந்து சேர்வதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

சண்முகம்